மடை திறந்து: ஒரு திரைப்பாடலும் அதன் மறுவடிவங்களும்

'மடை திறந்து' என்பது 1980ஆம் ஆண்டு தீபாவளியையொட்டி வெளிவந்த 'நிழல்கள்' திரைப்படத்தில் இடம்பெற்ற பாடல். வாலி எழுதிய இப்பாடலுக்கு இளையராஜா இசையமைத்தார், எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடினார். 26 ஆண்டுகள் கழித்து, 2006இல், மலேசியாவைச் சேர்ந்த யோகி பி, நட்சத்திரா குழுவினர் இதைத் தமிழ்ச் சொல்லிசைப் பாடலாக மாற்றி வெளியிட்டனர். அதன்பின் வளர்ந்த தலைமுறையில் பலர் இரண்டாவது வடிவத்தையே முதலில் கேட்டவர்கள். மூலப்பாடல் ஒன்று இருப்பதையே பின்னர்தான் அறிந்தவர்கள். ஒரு பாடல் கைமாறும்போது அதை உருவாக்கியவர்களின் பெயரும் உரிமையும் என்ன ஆகின்றன என்பதை விளக்க இது நல்ல எடுத்துக்காட்டு.

படமும் பாடலும்

'நிழல்கள்' பாரதிராஜா இயக்கிய படம். கதை, வசனம் மணிவண்ணன். படித்தும் வேலை கிடைக்காத இளைஞர்களின் ஏக்கமும் அவர்களுடைய கனவுகள் சிதைவதும் படத்தின் கரு. படம் வணிக வெற்றி பெறவில்லை, பாடல்கள் நிலைத்துவிட்டன. வைரமுத்துவின் முதல் திரைப்பாடலான 'இது ஒரு பொன்மாலைப் பொழுது' இப்படத்தில்தான் வந்தது. கங்கை அமரன் எழுதி, தீபன் சக்கரவர்த்தியும் உமா ரமணனும் பாடிய 'பூங்கதவே தாழ் திறவாய்' பாடலும் இதில் உண்டு.

'மடை திறந்து' பாடலுக்குத் திரையில் நடித்தவர் சந்திரசேகர். இசையமைப்பாளராக வேண்டும் என்று துடிக்கும் இளைஞன் அவருடைய பாத்திரம். தன் இசையை உலகம் கேட்கும் நாள் வரும் என்ற அவனது நம்பிக்கையே பாட்டின் பொருள். இளையராஜா 'அன்னக்கிளி' படத்தின் மூலம் அறிமுகமானது 1976இல். நான்கே ஆண்டுகளில் அவர் இப்படியொரு பாத்திரத்துக்கு இசையமைத்தார் என்பதையும் நினைவில் கொண்டு கேட்டால் பாடலின் வேகம் இன்னும் நன்றாகப் புரியும்.

தலைப்பில் உள்ள 'மடை' என்ற சொல்லை இன்றைய மாணவர்களுக்கு விளக்க வேண்டியுள்ளது. ஏரி நீரை வயலுக்குத் திறந்துவிடும் வாயிலே மடை. முடிச்சூர், மணிமங்கலம் போன்ற ஏரிகள் உள்ள ஊர்களில் முன்பு எல்லோருக்கும் தெரிந்த சொல் இது. வயல்கள் வீட்டுமனைகளான பிறகு புழக்கம் குறைந்துவிட்டது. தடையின்றிப் பேசுபவரை 'மடை திறந்த வெள்ளம்போல்' பேசினார் என்று சொல்வது மரபு. வாலி அந்த மரபுத்தொடரைத் தேக்கிவைத்த இசை பெருக்கெடுப்பதற்குப் பொருத்தியிருக்கிறார்.

மலேசிய மறுவடிவம்

யோகி பி 1990களில் 'பொயடிக் அம்மோ' என்ற மலேசியச் சொல்லிசைக் குழுவில் பெயர் பெற்றவர். அக்குழு பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடியது. பின்னர் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோர் அடங்கிய நட்சத்திராவுடன் சேர்ந்து, 2006இல் 'வல்லவன்' என்ற தமிழ் இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதில் இடம்பெற்ற 'மடை திறந்து' மலேசியாவைத் தாண்டித் தமிழ்நாட்டிலும் பரவியது.

இதில் மூலப்பாடலின் பல்லவி மெட்டு அடித்தளமாக நிற்கிறது. சரணங்களின் இடத்தில் புதிதாக எழுதப்பட்ட சொல்லிசை வருகிறது. இசையில் முன்னுக்கு வரத் துடிக்கும் இளைஞனின் குரல் என்ற கருத்து மாறவில்லை. திரைப்பட நாயகனுக்குப் பதில் மலேசியத் தமிழ் இளைஞர்கள் தங்களைப் பற்றித் தாங்களே பேசுகிறார்கள்.

இதன் தாக்கம் விரைவில் திரையிலும் தெரிந்தது. 2007ஆம் ஆண்டு தீபாவளிக்கு, நவம்பர் 8 அன்று, இரண்டு படங்கள் ஒரே நாளில் வெளியாயின. 'பொல்லாதவன்' படத்தில் 'எங்கேயும் எப்போதும்' பாடலின் புதிய வடிவத்தில் யோகி பி பங்கேற்றார். 'அழகிய தமிழ்மகன்' படத்தில் 'பொன்மகள் வந்தாள்' பாடலின் புதிய வடிவத்தில் எம்சி ஜெஸ் பங்கேற்றார்.

ரிதம் அண்ட் புளூஸ் காட்டிய வழி

பழைய பாட்டின் மேல் புதிய சொற்களை அடுக்கும் இம்முறை அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையிலிருந்து வந்தது. 'ரிதம் அண்ட் புளூஸ்' என்பது அவர்களுடைய இசைத்தட்டு வரிசைக்கு 'பில்போர்டு' இதழ் 1949இல் வைத்த பெயர். அவ்விசையில் ஒருவர் பாடியதை மற்றொருவர் மீண்டும் பாடிப் பதிவு செய்வது வழக்கமாக இருந்தது. 'ஹவுண்ட் டாக்' பாடலை முதலில் பதிவு செய்தவர் பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பாடகி. அத்தட்டு 1953இல் வெளிவந்து புகழ்பெற்றது. 1956இல் எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாடினார். இன்று அப்பாடல் என்றதும் பலருக்கு எல்விஸ் மட்டுமே நினைவுக்கு வருகிறார்.

1979இல் 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற சொல்லிசைப் பாடல் வெளியானது. 'ஷிக்' குழுவின் 'குட் டைம்ஸ்' பாடலின் இசையை மீண்டும் வாசித்து, அதன் மேல் சொல்லிசை பாடப்பட்டது. ஷிக் குழுவின் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் எதிர்ப்புத் தெரிவித்த பிறகே, பாடலை உருவாக்கியவர்களாக அவர்களுடைய பெயர்களும் சேர்க்கப்பட்டன.

மறுவடிவங்களின் வகைகள்

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'ரீமிக்ஸ்' என்கிறோம். உண்மையில் இவை வெவ்வேறானவை.

1. மறுபாடல்: சொல்லும் மெட்டும் மாறாமல் வேறொருவர் பாடுவது. மெல்லிசைக் குழு மேடைகளிலும் தொலைக்காட்சிப் போட்டிகளிலும் நாம் கேட்பது இதுவே.
2. மறுகலவை: மூலப் பாடலின் தாளத்தையும் ஒலியையும் மாற்றி அமைப்பது.
3. சொல்லிசைத் தழுவல்: மெட்டின் ஒரு பகுதியை வைத்துக்கொண்டு புதிய சொற்களைச் சேர்ப்பது. 2006ஆம் ஆண்டின் 'மடை திறந்து' இவ்வகையைச் சேர்ந்தது.
4. மறுமெட்டு: சொற்களை வைத்துக்கொண்டு மெட்டை மாற்றுவது. 'படகோட்டி' (1964) படத்துக்காக வாலி எழுதிய 'தொட்டால் பூ மலரும்' பாடலுக்கு, 'நியூ' (2004) படத்தில் ஏ. ஆர். ரகுமான் புதிய மெட்டு அமைத்தார்.

சட்டம் சொல்வது

ஒரு பாடலில் மூன்று உரிமைகள் அடங்கியுள்ளன: சொற்கள், இசை, ஒலிப்பதிவு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி சொற்களுக்கும் இசைக்கும் படைத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் காப்பு உண்டு. வாலி மறைந்தது 2013இல். ஆகவே அவருடைய வரிகளுக்கான காப்பு 2073 முடியும்வரை நீடிக்கும். ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள்; 1980இல் வெளியான பதிவுக்கு 2040 முடியும்வரை.

இந்த உரிமைகள் யாருடையவை என்பதுதான் சிக்கல். படத்துக்காகப் பணம் கொடுத்து எழுதச்செய்த, இசையமைக்கச்செய்த தயாரிப்பாளரே, மாற்று ஒப்பந்தம் இல்லாதபோது, முதல் உரிமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், திரையரங்குக்கு வெளியே நடக்கும் பயன்பாட்டுக்கு உரிமைத்தொகையில் சமபங்கு பெறும் உரிமையைப் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் அளித்தது. ஆயினும் பூசல்கள் ஓயவில்லை. 2017இல் தம் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பு எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கே அறிவிக்கை அனுப்பியது பெரும் விவாதமானது.

மறுபாடல் பதிவுக்கு அதே திருத்தம் 31சி என்ற பிரிவைக் கொண்டுவந்தது. முதல் பதிவு நிகழ்ந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். முன்னறிவிப்பும் முன்பணமாக உரிமைத்தொகையும் தரவேண்டும். இது மறுபாடல் என்று உறையில் குறிப்பிட வேண்டும். தொழில்நுட்பத் தேவைக்கு மீறிச் சொல்லையோ இசையையோ மாற்றக்கூடாது. எனவே சொல்லிசைத் தழுவல் செய்பவர் இப்பிரிவின் நிழலில் ஒதுங்க முடியாது. உரிமையாளரிடம் நேரடியாக அனுமதி பெறவேண்டும்.

பள்ளி, கல்லூரி நிகழ்ச்சிகளுக்கு விலக்கு உண்டு. கல்வி நிறுவனத்தின் செயல்பாடாக, ஆசிரியர்களும் மாணவர்களும் தாங்களே ஒரு பாடலைப் பாடுவது மீறல் ஆகாது. பதிவு செய்த பாடலை ஒலிக்கவிட்டு ஆடுவதென்றால், பார்வையாளர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையோர் என்ற வட்டத்துக்குள் இருக்கவேண்டும். அதையே படம்பிடித்து இணையத்தில் ஏற்றுவது வேறு. இவ்விலக்கு அதற்குப் பொருந்தாது.

பெயர் சொல்லும் பழக்கம்

உரிமைத்தொகை யாருக்கு என்பதை நீதிமன்றம் முடிவு செய்யலாம். பெயரைச் சொல்வது பாடுபவர், கேட்பவர் கையில் இருக்கிறது. ஆண்டு விழா மேடையில் 'அடுத்து யோகி பி பாட்டு' என்று மட்டும் அறிவித்தால் மூவர் விடுபடுகிறார்கள். 'எஸ்பிபி பாட்டு' என்று மட்டும் சொன்னால் வாலியும் இளையராஜாவும் விடுபடுகிறார்கள். எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், மறுவடிவம் தந்தவர் ஆகிய அனைவரையும் சொல்ல அரை நிமிடம் போதும். இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்கும் மாணவர், 1980இல் திரையில் ஓர் இளைஞன் கண்ட கனவு 2006இல் வேறொரு நாட்டுத் தமிழ் இளைஞர்களுக்கும் எப்படிப் பொருந்தியது என்பதைத் தாமே உணர்ந்துகொள்ளலாம்.