ரீச்சரின் லீவும் இருபது டொலர் கணக்கும்



சென்ற மாத நிகழ்ச்சியில் நான் பேசிய விடயத்தைப் பற்றிப் பலர் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்திருந்தார்கள். சிலர் விளக்கம் கேட்டார்கள், சிலர் கோபமாகவே கேட்டார்கள். பதினைந்து நிமிடத்துக்குள் சொல்லி முடிக்காததையும் சேர்த்து இங்கே எழுதித் தருகிறேன்.

எங்கள் பிள்ளைகளின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஒரு தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில் நடப்பது உங்களில் பலருக்குத் தெரியும். நான் சைவன். ஆனால் அந்தத் தேவாலயத்தின் வருடாந்தக் கணக்கைச் சில வருடங்களாக இலவசமாகப் பார்த்துக் கொடுக்கிறேன். எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஆட்களில் இரண்டு குடும்பங்களைப் பொறுப்பெடுத்து வரவழைத்த தேவாலயம் அது. அந்தக் கடன் எனக்கும் உண்டு என்று நினைக்கிறேன். அங்கேதான் கென்யாவில் கணிதம் படிப்பிக்கும் ஒரு கனேடிய ரீச்சரைச் சந்தித்தேன். நாலு வருடத்துக்குப் பிறகு ஊருக்கு வந்திருக்கிறார். மண்டபத்து மூலையில் ஒரு மேசை, அதன்மேல் கென்யாத் துணி விரிப்பு, இரண்டு மரச் சிற்பம், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைக்கத் தன் படம் போட்ட சிறிய அட்டைகள். வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தபடி நின்றார்.

“லீவில் வந்து நிற்கிறீர்களோ?” என்று கேட்டேன். சிரித்தார். அந்த வருடத்தில் இருபத்தைந்துக்கு மேற்பட்ட தேவாலயங்களுக்குப் போகவேண்டும் என்றார். அடுத்த ஞாயிறு சட்பரி, அதற்கடுத்தது கிச்சினர். ஒவ்வொரு கிழமையும் யாரோ ஒருவரின் வீட்டு விருந்தினர் அறையில் படுக்கை. எங்கே எந்த அலுமாரியில் துவாய் இருக்கும் என்று நடுச்சாமத்தில் தேடுவதுதான் பெரிய வேலை என்றார்.

இதை ஏன் லீவு என்று சொல்கிறார்கள்? ஆங்கிலத்தில் இதற்குப் பழைய பெயர் படையினரின் விடுப்பைக் குறிக்கும் ‘ஃபேர்லோ’ என்ற சொல். கப்பலில் போய் வந்த காலத்தில், சூட்டிலும் மலேரியாவிலும் உடம்பு கெட்ட மிசனரிமார் சில வருடங்களுக்கு ஒருமுறை உடம்பைத் தேற்ற ஊருக்கு வந்தார்கள். இப்போது பல நிறுவனங்கள் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, தாயகப் பணி என்ற கருத்தில் வேறு பெயர் வைத்திருக்கின்றன. என் கண்ணுக்கு இது பணிதான். அதிலும், நிலுவை வசூலிக்கும் பணி.

ஒரு மிசனரிக்குச் சம்பளம் இரண்டு வழியில் வரலாம். முதலாவது, பெரிய சபை ஒன்று பொது நிதி வைத்து எல்லோருக்கும் கொடுப்பது. அமெரிக்காவின் தென் பப்ரிஸ்ற் சபை 1925 இல் தொடங்கிய கூட்டு நிதித் திட்டம் அப்படிப்பட்டது. அவர்களின் மிசனரி தன் சம்பளத்துக்காக ஒவ்வொரு கோவில் வாசலிலும் நிற்கத் தேவையில்லை. இரண்டாவது, 1865 இல் ஹட்சன் ரெய்லர் தொடங்கிய சீன உள்நாட்டு மிசன் காட்டிய வழி. நிச்சயமான சம்பளம் இல்லை. கடவுள் தருவார் என்ற நம்பிக்கையில் போவது. ரெய்லர் மனிதரிடம் நேரடியாகக் காசு கேட்பதையே விரும்பாதவர். அவரைப் பின்பற்றி எழுந்த மிசன்களில் பல, காலப்போக்கில் ‘உன் ஆதரவாளரை நீயே தேடு’ என்ற முறைக்கு வந்து சேர்ந்தன.

ரொறன்ரோவுக்கும் இதில் பங்கு உண்டு. சூடான் உள்நாட்டு மிசனின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. எந்தப் பெரிய மிசன் சபையும் பொறுப்பெடுக்க முன்வராத நிலையில் வால்ரர் கௌவன்ஸ், தோமஸ் கென்ற், றோலண்ட் பிங்கம் என்ற மூன்று இளைஞர்கள் 1893 இல் லாகோஸ் போய் இறங்கினார்கள். 1894 முடிவதற்குள் முதல் இருவரும் நோயில் இறந்துவிட்டார்கள். பிங்கம் திரும்பி வந்து, மீண்டும் 1900 இல் போய், மலேரியாவால் மறுபடி திரும்பினார். அவர்களின் முதல் நிலையம் 1902 இல்தான் பற்றிகியில் ஊன்றியது. இதே நிறுவனத்தோடு, முன்பு ‘இலங்கை இந்திய பொது மிசன்’ என்று இயங்கிய அமைப்பின் வாரிசு 1989 இல் இணைந்தது என்பது எனக்கே பிந்தித் தெரிந்த செய்தி.

இனி கணக்குக்கு வருவோம். நிறுவனம் முதலில் ஒரு மாதத் தொகையைத் தீர்மானிக்கும். சம்பளம், வாடகை, மருத்துவக் காப்புறுதி, ஓய்வூதியம், விமானச் செலவு, நிர்வாகச் செலவு எல்லாம் அதற்குள் அடங்கும். நிர்வாகத்துக்குப் பெரும்பாலும் நூற்றுக்கு 10 முதல் 15 வரை போகும். அந்தத் தொகைக்கு வாக்குறுதி சேரும்வரை ஆளைப் போகவிட மாட்டார்கள்.

உதாரணத்துக்கு மாதம் 5000 டொலர் என்று வைப்போம். ஒரு தேவாலயம் 300, இன்னொன்று 150, தனியாட்கள் 20, 30 என்று சேர்ந்து 5000 ஆகிறது. ஆள் போகிறார். போன பிறகு ஒரு கிழவி காலமாகிறார், ஒருவருக்கு வேலை போகிறது, ஒரு தேவாலயத்துக்குப் புதிய போதகர் வந்து வேறு நாட்டில் அக்கறை கொள்கிறார். ஒவ்வொரு வருடமும் பத்தில் ஒரு பங்கு கழன்றால் நாலாம் வருட முடிவில் மிஞ்சுவது ஏறக்குறைய 3280 டொலர்தான். செலவோ குறையாது. டொலர் இறங்கினால் கென்யா சிலிங்கிலும் அடி விழும். இந்த ஓட்டையை அடைக்கத்தான் அந்த ஒரு வருடம்.

ஞாயிறு ஆராதனையில் அவருக்குக் கிடைக்கும் நேரம் ஐந்து நிமிடம். நாலு வருடத்தை ஐந்து நிமிடத்தில் சொல்லவேண்டும். பிறகு ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள், “சிங்கம் பார்த்தீர்களா” என்ற கேள்வி. பிறகு ஆளுக்கொரு சட்டி கொண்டுவரும் மதிய விருந்து. வாய்ப்பேச்சு வராதவருக்கு இது தண்டனைதான். டண்டியில் நெசவாலையில் வேலை செய்து, 1876 இல் நைஜீரியாவின் கலபார் போன மேரி ஸ்லெசர், காட்டு வழியில் தனியாகப் போகப் பயப்படாதவர், ஸ்கொட்லாந்து மேடைகளில் ஆண்கள் முன்னால் பேச நடுங்கினார். 1898 இல் ஊருக்கு வந்தபோது தான் வளர்த்த நாலு ஆபிரிக்கப் பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பின்னர், 1997 இல், ஸ்கொட்லாந்து வங்கி ஒன்றின் பத்துப் பவுண் தாளிலேயே அவர் படம் வந்தது.

இந்த முறை எங்களுக்குப் புதிதில்லை. அமெரிக்க மிசன் 1816 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. அவர்களின் விடுதிப் பள்ளிகளில் ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவில் ஒருவர் ஏற்றால், அந்தப் பிள்ளைக்கு அந்தக் கொடையாளி விரும்பிய பெயரை வைப்பார்கள். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை என்று நாங்கள் பெருமையோடு சொல்லும் பெயர்களின் முன்பாதி அப்படி வந்ததுதான். பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்த ஜோன் ஸ்கடர், 1842 தொடக்கம் 1846 வரை அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய்ச் சிறுபிள்ளைகளுக்கு எங்கள் பக்கத்துக் கதைகளைச் சொன்னார். அந்தக் கதைகளில் நாங்கள் எப்படி வர்ணிக்கப்பட்டிருப்போம் என்று யோசித்தால் எனக்கு அவ்வளவு சந்தோசமில்லை. ஆனால் அந்தக் காசில்தான் வட்டுக்கோட்டைச் செமினறியும் உடுவில் பெண்கள் பாடசாலையும் நின்றன. இரண்டும் உண்மை.

அதனால்தான் ரீச்சரிடம் படத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் திரையில் காட்டிய படங்களில் கரும்பலகை இருந்தது, பள்ளிக்கூடத்து மழைநீர்த் தொட்டி இருந்தது, கொப்பியில் எழுதும் ஒரு கை இருந்தது. பிள்ளையின் முகம் ஒன்றுகூட இல்லை. தாய் தகப்பனிடம் கேட்காமல் பிள்ளையின் முகத்தைக் காட்டிக் காசு சேர்க்க மாட்டேன் என்றார். முகம் காட்டினால் கூடுதலாகச் சேரும் என்று நிறுவனத்தில் சொன்னார்களாம்.

1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் தென்மராட்சிப் பாடசாலை ஒன்றில் நாங்கள் ஒதுங்கியிருந்தபோது, என் தங்கையை யாரோ படமெடுத்தார்கள். பிறகு அது ஒரு நிதி சேகரிப்புத் துண்டில் வந்தது. கிழிந்த சட்டையும் கலைந்த தலையுமாக. எங்கள் வீட்டில் எந்நாளும் தலை இழுத்துப் பின்னித்தான் அவள் வெளியே போவாள். அந்தத் துண்டை அம்மா கடைசிவரை அவளுக்குக் காட்டவில்லை. அந்தப் படத்தால் யாருக்கோ பால்மா கிடைத்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்து, எல்லோரும் கேட்கத் தயங்கும் கேள்வியைக் கேட்டேன். “நான் மாதம் இருபது டொலர் தந்தால் அதில் எவ்வளவு அந்தப் பிள்ளைகளுக்குப் போகும்?”

“ஒன்றும் போகாது” என்றார் ரீச்சர். “அது என் சம்பளம். அரிசியும் சீருடையும் வாங்க வேறு நிதி இருக்கிறது, அதற்குத் தர விரும்பினால் கடித உறையில் அப்படி எழுதுங்கள். எனக்குத் தருவதென்றால் கணிதம் படிப்பிக்க ஒரு ஆளுக்குக் கூலி கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.”

இத்தனை வருடக் கணக்காளர் தொழிலில் இவ்வளவு நேரான பதிலை நான் குறைவாகவே கேட்டிருக்கிறேன்.

கோபமாகத் தொலைபேசி எடுத்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. மதம் மாற்றுகிறவர்களுக்கு ஏன் வானொலியில் இடம் என்று ஒரு ஐயா கேட்டார். அவர் மிசனரி, வேதமும் போதிக்கிறவர், அதை அவரே மறைக்கவில்லை. அதற்குத் தர மனமில்லாதவர் தரத் தேவையில்லை. நானும் சம்பளத்துக்குத் தரவில்லை, பள்ளி நிதிக்குத்தான் தந்தேன். இன்னொரு அக்கா, ஆபிரிக்காவில் ஆசிரியர் இல்லையா என்று கேட்டார். நல்ல கேள்வி, அதை ஆபிரிக்கரே கேட்டிருக்கிறார்கள். கென்யாவின் பிரஸ்பிற்றேரியன் சபைப் பொதுச் செயலாளர் ஜோன் கற்று 1971 இல், ஐந்து வருடத்துக்கு மிசனரிமாரையும் வெளிநாட்டுக் காசையும் நிறுத்துங்கள், நாங்கள் எங்கள் காலில் நிற்கப் பழகவேண்டும் என்று அமெரிக்காவில் வைத்தே சொன்னார். 1974 இல் லுசாக்காவில் கூடிய அனைத்து ஆபிரிக்கத் திருச்சபைகளின் மாநாடும் அதை ஆதரித்தது. ரீச்சருக்கும் இது தெரிந்திருந்தது. தன் இடத்துக்குக் கென்யப் பெண் ஒருவரைப் பழக்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அப்படியானால் உங்கள் 5000 டொலர் எதற்கு, அவருக்கு அதில் ஒரு பங்கு போதுமே என்று நான் கேட்டேன். அதற்கு மட்டும் அவரிடம் நேரான பதில் இருக்கவில்லை. சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, கனேடியத் தேவாலயங்கள் கனேடிய முகத்துக்குத்தான் தருகின்றன என்றார்.

கடைசியாக, ரசீது விடயம், இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருந்தார்கள். காசோலையைத் தனியாளின் பெயரில் எழுதினால் கனடாவில் வருமான வரிக்கு ரசீது கிடைக்காது. பதிவு செய்த தொண்டு நிறுவனத்தின் பெயரில் எழுதி, எந்த மிசனரிக்கு என்பதை விருப்பமாக மட்டும் குறிப்பிடவேண்டும். காசின் மீதான பொறுப்பு நிறுவனத்துடையது. அந்த நிறுவனம் தன் நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் ரி3010 என்ற படிவத்தை வருமான வரித் திணைக்களத்துக்குக் கொடுக்கவேண்டும். அதில் எவ்வளவு வந்தது, நிர்வாகத்துக்கு எவ்வளவு, நிதி சேகரிப்புக்கு எவ்வளவு என்று இருக்கும். திணைக்களத்தின் இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம், காசு கட்டத் தேவையில்லை. எங்கள் ஊர்ப் பழைய மாணவர் சங்கம், கோவில் திருப்பணி, அநாதை இல்லம் என்று ரசீதுப் புத்தகத்தோடு வருகிறவர்கள் பதிவு செய்தவர்களா என்பதையும் அங்கேயே பார்க்கலாம். பார்க்கத் தெரியாதவர்கள் சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்குப் பிறகு தமிழ் வகுப்பு மண்டபத்துக்கு வாருங்கள். மடிகணினியோடு நான் இருப்பேன்.