64 ஜிபி போட்டாச்சு, 32 தான் தெரியுது... ஏன்?

இந்த மாசம் கொஞ்சம் சர்வர் கதை. "எனக்கும் சர்வருக்கும் என்ன சம்பந்தம்?"னு தாண்டிப் போயிடாதீங்க. ஊர்ல யாராவது ஒருத்தர் உங்களையும் கூப்பிடத்தான் போறாங்க.

இப்படி நினைச்சுக்கோங்க. குற்றாலத்துல சீசன் ஆரம்பிச்சாச்சு. சாரல் விழுது, மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எல்லா இடத்துலயும் கூட்டம். தெரிஞ்ச அண்ணாச்சி ஒருத்தர் அங்க லாட்ஜ் வச்சிருக்கார். ரூம் புக்கிங், பில்லிங் எல்லாம் ஒரே சர்வர்ல ஓடுது. கூட்டம் ஏற ஏற அது தவழ ஆரம்பிக்குது. "ஏ தம்பி, நீ கம்ப்யூட்டர்தான படிக்க? ஒரு எட்டு வந்து பாரேன்"னு போன் வருது.

போய்ப் பார்த்தா, ஏற்கெனவே 32 ஜிபி ராம் இருந்த மெஷின்ல காசு போட்டு இன்னொரு 32 ஜிபி வாங்கி மாட்டியிருக்காங்க. பயாஸ்ல 64 ஜிபி சரியா காட்டுது. ஆனா விண்டோஸ் உள்ள "64 ஜிபி, பயன்படுத்தக்கூடியது 32 ஜிபி"ன்னு சொல்லுது. ராம் பழுதா? மதர்போர்டு கோளாறா? ரெண்டும் இல்ல.

தடுக்கிறது லைசென்ஸ்

அந்த மெஷின்ல ஓடுறது விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 ஸ்டாண்டர்டு. மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு ராம் எல்லை வச்சிருக்கு:

- 2008 ஆர்2 ஃபவுண்டேஷன்: 8 ஜிபி
- 2008 ஆர்2 ஸ்டாண்டர்டு: 32 ஜிபி
- 2008 ஆர்2 எண்டர்பிரைஸ், டேட்டாசென்டர்: 2 டிபி
- 2012 ஸ்டாண்டர்டு: 4 டிபி

ஸ்டாண்டர்டுக்கும் எண்டர்பிரைஸுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்க. ரெண்டும் ஒரே 64 பிட் கெர்னல்தான். லாட்ஜ்ல 64 ரூம் கட்டியிருந்தாலும் அனுமதி 32 ரூமுக்குத்தான்னா மீதி ரூமைப் பூட்டித்தான் வைக்கணும், இல்லையா? அதே கதைதான் இது. எண்டர்பிரைஸுக்கான சாவி எண் கையில இருந்தா, டிஐஎஸ்எம் கட்டளை மூலமா விண்டோஸை மறுபடி நிறுவாமலே பதிப்பை உயர்த்தலாம். ரீஸ்டார்ட் ஆனதும் பூட்டின ரூம் திறந்துரும்.

"32 பிட் மெஷின்ல 4 ஜிபிக்கு மேல எடுக்காதே, அது கணக்குதானே?"ன்னு கேப்பீங்க. பாதி சரி. 2-இன் 32-ஆவது அடுக்கு 4 ஜிபி. ஆனா பிஏஇ என்கிற முறையில முகவரியை 36 பிட்டா நீட்டி, விண்டோஸ் சர்வர் 2003 எண்டர்பிரைஸோட 32 பிட் பதிப்பு 64 ஜிபி வரை எடுத்துக்கிட்டுது. அதே 2003 ஸ்டாண்டர்டு 4 ஜிபியோட நின்னுச்சு. அப்பவும் எல்லைக்கோடு போட்டது லைசென்ஸ்தான்.

டவுன்கிரேடுன்னா என்ன?

அண்ணாச்சி பில்லை எடுத்துக் காட்டுறார்: "நான் வாங்கினது 2012 ஸ்டாண்டர்டுலா!" அவர் சொல்றதும் உண்மைதான். ஆனா பில்லிங் மென்பொருள் பழசு, 2012-ல ஓடல. அதனால அன்னைக்கு வந்தவர் 2008 ஆர்2 ஸ்டாண்டர்டை நிறுவிட்டுப் போயிட்டார். இது திருட்டு கிடையாது. புது வெர்ஷன் லைசென்ஸ் வச்சிருக்கிறவர் அதுக்குப் பதிலா பழைய வெர்ஷனை ஓட்டலாம், பிறகு வேணும்போது புதுசுக்குத் திரும்பிக்கலாம். இதைத்தான் டவுன்கிரேடு உரிமைன்னு சொல்றோம்.

இங்க மூணு விஷயத்தை மனசுல வைங்க.

ஒண்ணு: கையில இருக்கிற லைசென்ஸ் எதுவா இருந்தாலும், ராம் எல்லை ஓடுற வெர்ஷனோடதுதான். காகிதத்துல 4 டிபி இருக்கலாம், மெஷின்ல 32 ஜிபிதான்.

ரெண்டு: 2012-ல எண்டர்பிரைஸ் பதிப்பையே நிறுத்திட்டாங்க. அதனால 2012 ஸ்டாண்டர்டு வச்சிருந்தவங்க 2008 ஆர்2 எண்டர்பிரைஸுக்கும் இறங்க முடிஞ்சுது. அன்னைக்கே இதைக் கவனிச்சிருந்தா 64 ஜிபியும் வேலை செஞ்சிருக்கும். ஆனா உரிமை இருந்தா மட்டும் போதாது. பழைய வெர்ஷனோட முறையான டிஸ்க்கும் சாவி எண்ணும் வேணும். அது கிடைக்கிற வழி லைசென்ஸை எப்படி வாங்கினோம்ங்கிறதைப் பொறுத்து மாறும். வால்யூம் லைசென்ஸா, மெஷினோட சேர்ந்து வந்த ஓஇஎம்மான்னு ஒப்பந்தத்தைப் பாருங்க.

மூணு: கேல். சர்வரைத் தொடுற ஒவ்வொரு ஆளுக்கோ கருவிக்கோ வாங்குற அனுமதி இது. புது கேல் பழைய சர்வருக்குச் செல்லும். பழைய கேல் புது சர்வருக்குச் செல்லாது.

அப்போ எண்டர்பிரைஸைப் போட்டுட்டா முடிஞ்சுதா?

ராம் பிரச்சினை தீரும். பெரிய பிரச்சினை அப்படியே நிக்கும். 2008 ஆர்2-வுக்கான வழக்கமான ஆதரவு 2020 ஜனவரி 14-லேயே முடிஞ்சு போச்சு. 2017 மே மாசம் வானாக்ரை உலகம் முழுக்கப் பரவினது ஞாபகம் இருக்கா? அதுக்கான ஓட்டையை அடைக்கிற பேட்ச் ரெண்டு மாசம் முன்னாடியே வந்திருந்துச்சு. போடாத மெஷின்கள்தான் மாட்டிக்கிச்சு. இப்போ 2008 ஆர்2-வுக்குப் புது ஓட்டை வந்தா பேட்சே வராது. தங்க வந்தவங்களோட அடையாள அட்டை நகல் எல்லாம் அந்த சர்வர்லதான் இருக்கு. அதையும் அண்ணாச்சிகிட்ட சொல்லுங்க.

நல்ல வழி இதுதான். மெஷின்மேல நேரா பழசைப் போடாம, புது வெர்ஷனைப் போட்டு, ஹைப்பர்-வி மூலமா பழசை விர்ச்சுவல் மெஷினா உள்ள வைங்க. 2012 ஸ்டாண்டர்டு லைசென்ஸ்லயே ரெண்டு விர்ச்சுவல் மெஷினுக்கு அனுமதி உண்டு, டவுன்கிரேடு உரிமையும் அதுக்குச் செல்லும். அடியில இருக்கிற ஹோஸ்ட் 64 ஜிபியையும் பார்க்கும். பழைய பில்லிங்குக்கு 16 ஜிபி ஒதுக்கி, இன்டர்நெட் இல்லாம தனியா அடைச்சிரலாம். ஆனா 2012-க்கான ஆதரவும் 2023 அக்டோபர் 10-ல முடிஞ்சுது. அதனால ஹோஸ்ட்டுக்கு இப்போ ஆதரவுல இருக்கிற வெர்ஷனை வாங்கச் சொல்றதுதான் நியாயம். 2016-லிருந்து லைசென்ஸ் பிராசசர் கோர் கணக்குல வருது. ஒரு சர்வருக்குக் குறைஞ்சது 16 கோர். விலை கேக்குறதுக்கு முன்னாடி கோரை எண்ணுங்க.

லினக்ஸ்ல ஓடுற மென்பொருள் கிடைச்சா இன்னும் நிம்மதி. ஆரியங்காவு தாண்டினா கேரள அரசுப் பள்ளிகள்ல அதுதான் ஓடுது. காசு கொடுத்தா ராம் பூட்டு திறக்கும்ங்கிற கதையே அங்க கிடையாது.

கடைசியா ஒரு வேண்டுகோள்

ராம் வாங்கச் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் செலவு பண்ணுங்க. வின்வெர் கொடுத்து வெர்ஷனையும் பதிப்பையும் பாருங்க. எம்எஸ்இன்ஃபோ32 திறந்து, பொருத்தின ராமும் மொத்த ராமும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. அப்புறம் லைசென்ஸ் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் படிங்க. இதெல்லாம் சின்ன வேலைன்னு நினைக்காதீங்க. எந்த மெஷின்ல எந்த லைசென்ஸ் ஓடுதுன்னு கணக்கு வைக்கிறதுக்குன்னே ஸோஹோவோட மேனேஜ்என்ஜின் ஒரு மென்பொருள் விக்குது. அதே ஸோஹோவுக்கு நம்ம தென்காசி பக்கத்துல மத்தளம்பாறையில ஆபீஸ் இருக்கு. இன்டர்வியூவுல இந்தக் கேள்வி வந்தா, உங்ககிட்ட இப்போ பதில் இருக்கு.

அண்ணாச்சிகிட்ட இருந்து கூலி வாங்கலாமான்னு கேக்காதீங்க. பிரானூர் பார்டர்ல பரோட்டா வாங்கித் தருவார், விட்ராதீங்க!