நல்ல துணையும் ஞான வழிகாட்டியும்



பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் ஓயாமல் சொல்லும் மொழி. ஆனால் நார் தானாகப் பூவைத் தேடிச் செல்வதில்லை. கட்டுகிறவர் கைதான் அதைச் சேர்க்கிறது. மனிதருக்கோ இறைவன் அறிவையும் சுதந்திரத்தையும் அளித்திருக்கிறார். ஆகவே யாரோடு சேர்வது என்று தேர்ந்துகொள்ளும் பொறுப்பு நம்முடையதே. எப்படித் தேர்வது? இதற்கு விடை கூற நம் தென்னாட்டிலேயே ஒரு புனிதரின் வரலாறு இருக்கிறது.

அச்சன்புதூருக்கு அருகிலுள்ள செங்கோட்டை 1956 வரை மலைக்கு அப்பாலுள்ள திருவிதாங்கூர்ப் பகுதியோடு சேர்ந்திருந்தது. அந்தத் திருவிதாங்கூரை மார்த்தாண்ட வர்மா ஆண்ட காலத்தில் 1741இல் குளச்சலில் ஒரு போர் நடந்தது. அதில் டச்சுப் படை தோற்றது. சிறைப்பட்டவர்களுள் ஒருவர் டிலனாய் என்னும் கத்தோலிக்க வீரர். மன்னர் அவருடைய திறமையை அறிந்து, தம் படையைப் பழக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார்.

அக்காலத்தில் பத்மநாபபுரத்தில் அரண்மனைப் பணியில் இருந்தவர் நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்டன். அடுத்தடுத்து ஏற்பட்ட இழப்புகளால் அவர் மனம் உடைந்திருந்தார். நண்பரின் முகவாட்டத்தைக் கண்ட டிலனாய் காரணம் கேட்டார். பிறகு யோபுவின் கதையை எடுத்துரைத்தார். செல்வத்தையும் மக்களையும் உடல்நலத்தையும் இழந்தும் இறைவனைக் கைவிடாத மனிதரின் கதை அது. நீலகண்டனின் உள்ளத்தில் அது வேர் பிடித்தது. மேலும் அறிய விரும்பிய அவரை, டிலனாய் வடக்கன்குளத்திலிருந்த சேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் அனுப்பிவைத்தார். அங்கே போதனை பெற்று 1745இல் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்டனே தேவசகாயம். சாதி வேற்றுமை பாராமல் எல்லாரோடும் பழகிய அவர் 1749இல் சிறைப்படுத்தப்பட்டார். 1752இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். திருச்சபை அவரை 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் புனிதராக உயர்த்தியது.

இவ்வரலாற்றில் நாம் கற்க வேண்டியவை மூன்று.

முதலாவது, நல்ல துணை நம் இனத்திலோ மொழியிலோதான் கிடைக்கும் என்பதில்லை. டிலனாய் அயல்நாட்டார், போரில் பிடிபட்ட கைதி. ஆயினும் அவரே உற்ற நண்பரானார்.

இரண்டாவது, அவர் நண்பரின் துயரைக் கவனித்தார். காரணம் கேட்ட பின்னரே பேசினார். யோபுவின் நண்பர்களோ, ஏழு நாள் அவரோடு மௌனமாய் அமர்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாக இருந்தனர். வாய் திறந்ததும் அவர்மேலேயே பழி சுமத்தினர். இறுதியில் இறைவன் கடிந்துகொண்டது அவர்களைத்தான். துன்பத்தில் உடனிருப்பவரும், அறியாமல் தீர்ப்புக் கூறாதவருமே தோழமைக்கு ஏற்றவர்.

மூன்றாவது, டிலனாய் நண்பரைத் தம்மிடமே பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. தம்மைவிட அறிந்த குருவிடம் அனுப்பினார். உண்மையான வழிகாட்டியின் அடையாளம் இதுவே. "என்னை மட்டும் நம்பு, அம்மாவிடம் சொல்லாதே, ஆசிரியைக்குத் தெரியவேண்டாம்" என்று ஒருவர் கூறினால், நேரில் பழகுபவராயினும் கைபேசி வழியே பழகுபவராயினும், அவரை விட்டு விலகுவதே நலம். அப்படி யாரேனும் சொல்லியிருந்தால், அஞ்சாமல் பெற்றோரிடமோ அருட்சகோதரியிடமோ சொல்லிவிடுங்கள்.

அவிலா நகர்ப் புனித தெரேசம்மாளின் இளமையும் நமக்குப் பாடமாகும். அவர் 1515இல் பிறந்தவர். சிறு வயதில், வீண் பேச்சிலும் பகட்டிலும் நாட்டமுள்ள ஓர் உறவுப் பெண்ணின் நட்பால் தம் பக்தி குன்றியதாக அவரே எழுதியிருக்கிறார். பின்னர் தந்தை அவரை அகுஸ்தீன் சபைக் கன்னியர் மடத்தில் சேர்த்தார். அங்கிருந்த நல்ல கன்னிகை ஒருவரின் உரையாடல் அவர் மனத்தைத் திருப்பியது. பிள்ளைகள் யாருடன் பழகுகிறார்கள் என்று கவனிக்கும்படி அவர் பெற்றோரை வேண்டுகிறார். ஆன்ம குருவைத் தேடுவோர் பக்தியோடு கல்வியறிவும் உள்ளவரைத் தேட வேண்டும் என்றும் வற்புறுத்துகிறார். 1970இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்னும் பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவரே.

அப்படியானால், குறையுள்ள தோழியை ஒதுக்கிவிட வேண்டுமா? இயேசு பாவிகளோடு அமர்ந்து உண்டாரே! ஆம், அவர் எல்லாரையும் நேசித்தார். ஆனால் பன்னிருவரைத் தெரிந்துகொள்ளுமுன் ஓர் இரவு முழுவதும் மலைமீது செபத்தில் கழித்தார். சீராக் ஆகமமும் இதையே போதிக்கிறது: பலரோடு சமாதானமாய் வாழலாம், ஆலோசனை கேட்பதோ மிகச் சிலரிடம். படிப்பில் பின்தங்கிய தோழிக்குப் பாடம் சொல்லிக்கொடுங்கள். தனித்திருப்பவளைச் சேர்த்துக்கொண்டு உண்ணுங்கள். ஆனால் மேற்படிப்பு, வேலை, திருமணம் போன்றவற்றில் யார் சொல்லைக் கேட்பது என்பதைச் செபித்து, சோதித்து முடிவு செய்யுங்கள்.

பெற்றோர்களே, உங்கள் மகள் மனம் திறந்து பேச வரும்போது கோபியாமல் கேளுங்கள். வீட்டில் செவி கிடைக்காத பெண்ணே வெளியில் தவறான செவியைத் தேடுகிறாள்.

குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தாமிரபரணியோடு சேர்ந்து கடலை அடைகிறது. மாணவிகளே, நீங்களும் உங்களை இறைவனிடம் கொண்டு சேர்க்கும் துணையைத் தேடுங்கள். பிறருக்கு அத்தகைய துணையாகவும் விளங்குங்கள்.