மஞ்சட் குருவியும் விரிச்சியும்

சமயப்படம் நமக்குப் புதிதன்று. திருச்சிராப்பள்ளியில் இரயில்வே வரைவாளராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஊரூராய்க் காட்டத் தொடங்கிய துண்டுப் படங்களுள் ஏசுநாதர் வரலாறும் ஒன்று.

சிங்கப்பூரில் தனிமுயற்சியாகப் படமெடுப்போருள் முதலில் எண்ணத்தக்கவர் கே. ராஜகோபால். அவர்தம் குறும்படங்கள் 1995 முதல் மூன்றாண்டு தொடர்ந்து சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழாவில் நடுவர் சிறப்புப் பரிசு பெற்றன. பின்னர் எடுத்த முதல் நெடும்படமாகிய 'எ யெல்லோ பேர்ட்' 2016-இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. சிறை மீண்ட தமிழனொருவன் பிரிந்த மனைவியையும் மகளையும் தேடும் கதை அது. மஞ்சட் குருவியைக் கண்டால் நன்மை வரும் என்று தம் தாயார் கூறிவந்ததே அப்பெயருக்கு வித்து.

இதனைச் சமய நம்பிக்கை எனலாமோ? வெறுஞ் சகுனந்தானே என்பார் உளர். கோபுரமும் காவடியும் காட்டினாலன்றிப் பக்தியில்லை என்பது அவர் கொள்கை போலும்! முல்லைப்பாட்டை நோக்குக. போர்மேற் சென்ற தலைவன் மீள்வானோ என அறிய, முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே தெய்வந்தொழுது விரிச்சி கேட்டு நின்றனர். தாய்ப்பசுவைக் காணாது வாடிய கன்றிற்கு ஆய்மகள் கூறிய ஆறுதலே அவர்க்கு நற்சொல்லாயிற்று. தொழுகையும் நிமித்தமும் அங்கே ஒன்றே.