பெயரில் வேண்டாமே பிடிவாதம்!

குழந்தை பிறந்த பத்தாம் நாளே தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் பல வீடுகளில் இந்தப் பேச்சு சூடு பிடித்துவிடும். "எங்க அப்பா பேரைத்தான் வைக்கணும்" என்பார் கணவர். "அந்தப் பேரைச் சொல்லி நான் எப்படிங்க குழந்தையை அதட்டுறது?" என்பார் மனைவி. நியாயமான கேள்விதான்! தாத்தா பெயரைத் தாங்குவதால்தான் 'பெயரன்', பேரன் ஆனான். மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூச்சப்பட்ட வீடுகளில் ராஜா, கண்ணா என்று கூப்பிடும் பெயர் தனியாக வந்தது.

அவசரமே இல்லை. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் போதும். பெயர் இல்லாமலே பதியலாம். 12 மாதம் வரை கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதன் பிறகும் தாமதக் கட்டணத்துடன் 15 வருடம் வரை சேர்க்க வழி உண்டு. ஆகவே பச்சை உடம்புக்காரியை இன்றே முடிவு சொல்லென்று நச்சரிக்காதீர்கள்.

ஆனால் பதிவேட்டில் ஏறிய பெயரை, மனசு மாறிவிட்டது என்று மாற்றுவது லேசில்லை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம்.

ஆளுக்கு ஐந்து பெயர் தனித்தனியாக எழுதுங்கள். பிடிக்காததை மற்றவர் அடிக்கலாம். ஏன் என்று கேட்கக்கூடாது. மாமியார், அத்தை பட்டியல்கள் அப்புறம். மிஞ்சியதை இனிஷியலோடு உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். எதுவும் மிஞ்சவில்லையா? ஒரு வாரம் விட்டு மறுபடி எழுதுங்கள். 'ழ' வரும் பெயர் என்றால் ஆங்கில எழுத்துகளையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள். சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்றால் அலைச்சல் உங்களுக்குத்தான்.