எழுதியதைக் காப்பதும் அமானிதமே



யமாமா போர்க்களத்தில், திருக்குர்ஆனை மனனம் செய்திருந்த நபித்தோழர்கள் பலர் ஷஹீதானார்கள். இந்நிலை நீடித்தால் திருமறையின் பகுதிகள் மறைந்துவிடுமோ என அஞ்சிய உமர் (ரலி) அவர்கள், அதனை ஒரே ஏடாகத் தொகுக்குமாறு கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் வலியுறுத்தினார்கள். அப்பணி ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்களும் மறையை மனனம் செய்தவர்களே. ஆயினும் தம் நினைவை மட்டும் நம்பாமல், பேரீச்ச மட்டைகளிலும் கற்பலகைகளிலும் எழுதப்பட்டிருந்தவற்றையும், பிறர் உள்ளங்களில் பதிந்திருந்தவற்றையும் ஒப்புநோக்கித் தொகுத்தார்கள். பின்னர் உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் இருந்த அந்த ஏட்டிலிருந்து படிகள் எடுக்கப்பட்டுப் பல நகரங்களுக்கும் அனுப்பப்பட்டன.

தன் மறையைத் தானே காப்பதாக அல்லாஹ் வாக்களித்திருந்தும், ஸஹாபாக்கள் முயற்சியைக் கைவிடவில்லை. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். உள்ளத்திலும் ஏட்டிலும் என இருவகையாகக் காத்தல், பல ஊர்களில் வைத்தல், சரிபார்த்தல் ஆகிய மூன்று நெறிகளும் நம் இல்லத்து எழுத்துகளுக்கும் பொருந்துவனவே.

‘நம் இல்லத்தில் அப்படி என்ன இருக்கிறது?’ என்று எண்ணிவிடாதீர்கள். வாப்பா வெளிநாட்டிலிருந்து எழுதிய கடிதங்கள், பாட்டனார் அரபுத் தமிழில் எழுதிவைத்த குறிப்பேடு, நிக்காஹ் பதிவின் படி, வீட்டுப் பத்திரம், உம்மாவின் குரல் பதிவு ஆகியவை கடையில் வாங்கக் கிடைப்பவையல்ல. இவற்றைக் கைபேசியில் படமெடுத்து வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். அந்தக் கைபேசி நீரில் விழுந்தால், அல்லது களவு போனால் நம் நிலை என்ன?

பெரிய நிறுவனங்களும் இழப்புக்கு விலக்கல்ல. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத சுவடிகளை எவராலும் மீட்க இயலவில்லை. 2021 மார்ச் மாதத்தில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் கணினித் தரவு நிலையம் ஒன்று தீப்பற்றியது. வேறோர் இடத்தில் படி வைத்திருந்தவர்கள் மீண்டார்கள். வைக்காதவர்கள் பலர் இழந்தவற்றைத் திரும்பப் பெறவே இல்லை.

கணினி வல்லுநர்கள் ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என ஓர் எளிய விதி கூறுவர். மூன்று படிகள் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். கைபேசியில் அல்லது கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. இணையத்தை நம்பத் தயங்குவோர், வேற்றூரில் வாழும் சகோதரர் வீட்டில் ஒரு படியை வைக்கலாம்.

இங்குச் சில எச்சரிக்கைகள் தேவை. கைபேசியும் இணையச் சேமிப்பும் தாமாகவே இணைந்து இயங்குமாறு அமைத்திருந்தால், ஓரிடத்தில் தவறி அழித்தது மற்றோரிடத்திலும் அழிந்துவிடக்கூடும். எனவே அதை மட்டும் நம்பலாகாது. ஹார்ட் டிஸ்கைப் படியெடுத்ததும் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணயப்பணம் கேட்கும் தீய மென்பொருள், இணைந்திருக்கும் டிஸ்கையும் தாக்கும். பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். ரசீது போன்ற வெப்ப அச்சுத் தாள்கள் நாளடைவில் வெளிறிவிடும். அவற்றை உடனே நகலெடுங்கள். மூலக் கடிதங்களையும் எறிந்துவிடாமல் ஈரமும் கரையானும் அணுகாத இடத்தில் வையுங்கள்.

எடுத்த படியைத் திறந்து பார்ப்பது மிக முக்கியம். திறந்து பாராத படி, இல்லாத படிக்குச் சமம். ஆண்டுதோறும் முஹர்ரம் பிறக்கும் வேளையில் ஒருநாள் குடும்பத்தாருடன் அமர்ந்து, இரண்டு மூன்று கோப்புகளையேனும் திறந்து சரிபாருங்கள். கடவுச்சொற்களைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்தி, அது இருக்கும் இடத்தை நம்பிக்கைக்குரிய ஒருவருக்குத் தெரிவியுங்கள். திறவுகோலைச் சொல்லாமல் ஒருவர் மவ்த்தாகிவிட்டால், பிள்ளைகள் பூட்டிய பெட்டியின் முன்னே நிற்க நேரிடும்.

முன்னோர் எழுத்து நம்மிடம் வந்தது அமானிதமாக. அதனைச் சேதமின்றி அடுத்த தலைமுறையின் கையில் சேர்ப்பது நம் பொறுப்பு. இம்மாதமே ஒரு படியேனும் எடுத்து வையுங்கள். இன்ஷா அல்லாஹ், உங்கள் பேரப்பிள்ளைகள் உங்களுக்காக துஆச் செய்வார்கள்.