எண்ணும் மனிதரும் – 7: பெர்க்லியின் இரண்டு துறைகள்

சென்ற இதழைப் படித்துவிட்டு, சரித்திரத்தில் பட்டம் பெற்ற ஓர் அன்பர் கடிதம் எழுதியிருக்கிறார். சமூகத் தரவுப் பகுப்பாய்வில் முதுகலை படிக்க அவருக்கு ஆசை. கணினி நிரல் எழுதத் தெரியாது. ஆர் கற்பதா, பைத்தான் கற்பதா என்பது கேள்வி. எதுவானாலும் சரி என்று ஒரு வரியில் பதில் போட்டுவிடலாம்; ஆனால் இப்படிப்பே நிரல் எழுதும் வித்தைதான் என்றோர் அபிப்பிராயம் அந்தக் கேள்விக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறதே, அதை எழுப்பாமல் போக மனம் வரவில்லை.

நிரல் வேண்டியதுதான். இப்படிப்பை டப்ளினில் படிப்பதானாலும், 2001-இல் நிறுவப்பட்ட இணைய ஆய்வு நிலையம் 2018 முதல் இதற்கென்றே முதுநிலை வகுப்பு நடத்திவரும் ஆக்ஸ்போர்டில் ஆனாலும், சமூகவியலும் அரசியலும் படித்து வந்தவர் புள்ளியியலோடும், பொறியியல் படித்து வந்தவர் சமூகக் கோட்பாடுகளோடும் மல்லுக்கட்டியே தீரவேண்டும். இருவரில் அதிகம் தடுமாறக்கூடியவர் யார் என்று கேட்டால் என் ஓட்டு பின்னவருக்கே. நிரலில் பிழை நேர்ந்தால் பல சமயம் இயந்திரமே அதைச் சொல்லிவிடுகிறது. கேள்வியில் பிழை நேர்ந்தாலோ, அது வாய் திறவாமல், தப்பான கேள்விக்குச் சுத்தமான விடையொன்றைக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுகிறது.

இதற்குப் பிரத்தியட்ச சாட்சியாக, இத்துறை மாணவர்கள் பலர் ஆரம்பத்திலேயே சந்திக்கும் ஒரு பழைய கணக்கைச் சொல்கிறேன். 1973-ஆம் ஆண்டில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மேற்படிப்புக்கு மனுச் செய்த 12,763 பேரில், ஆண்களில் நூற்றுக்கு 44 பேருக்கும், பெண்களில் நூற்றுக்கு 35 பேருக்கும் இடம் கிடைத்தது. இத்தனை பெரிய கூட்டத்தில் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக நேர்ந்ததென்று சொல்ல எந்தப் புள்ளியியல் நிபுணரும் துணியமாட்டார். ஆகவே பெண்களுக்குப் பாரபட்சம் இழைக்கப்பட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டு எழுந்து போயிருக்கலாம். பிக்கல், ஹாம்மல், ஓகானல் என்ற மூவர் அப்படி எழுந்து போகவில்லை. மாணவரைச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வது பல்கலைக்கழகம் என்ற மொத்த வஸ்து அன்று, ஒவ்வொரு துறையும் தனித்தனியே அதைத் தீர்மானிக்கிறது என்ற சர்வசாதாரணமான உண்மையை நினைவில் வைத்து, அவர்கள் கணக்கைத் துறைவாரியாகப் பிரித்துப் பார்த்து, 1975-இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள்.

பெரிய துறைகள் ஆறின் எண்கள், துறைப் பெயர்கள் மறைக்கப்பட்டு, ஆங்கில எழுத்துக்களின் அடையாளத்தோடு பாடநூல்களில் வழங்குகின்றன. அவற்றில் முதலும் கடைசியுமான இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். 'ஏ' துறைக்கு ஆண்கள் 825 பேர் மனுச் செய்து 512 பேர் இடம் பெற்றார்கள்; பெண்கள் 108 பேர் மனுச் செய்து 89 பேர் இடம் பெற்றார்கள். நூற்றுக்கு 62, நூற்றுக்கு 82. பெண்கள் எவ்வளவோ முன்னே நிற்கிறார்கள். 'எஃப்' துறையிலோ 373 ஆண்களில் 22 பேருக்கும், 341 பெண்களில் 24 பேருக்குமே இடம்; அங்கும் பெண்கள் ஒரு நூலிழை முன்னேதான். இப்பொழுது இரண்டு துறைகளையும் கூட்டுங்கள். 1,198 ஆண்களில் 534 பேர், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 45. 449 பெண்களில் 113 பேர், அதாவது நூற்றுக்கு 25!

தனித்தனியே வென்றவர்கள் கூட்டும்போது தோற்றுப்போவது எப்படி? மனுக்கள் எங்கே போயின என்று பார்த்தால் மாயம் விலகிவிடுகிறது. எளிதில் இடம் தரும் 'ஏ' துறையை நாடியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். நூற்றுக்கு ஆறேழு பேருக்கு மேல் இடம் தராத 'எஃப்' துறையின் வாசலில் பெண்கள் ஏறக்குறைய ஆண்களுக்குச் சமமாகக் கூடி நின்றார்கள்.

இதைக் கேட்டதும், "அப்படியானால் அநீதியே இல்லை" என்று கைகழுவ விரும்புகிறவர்கள் உண்டு. அவர்கள் அந்த மூவரின் கட்டுரையைப் பாதியில் மூடிவைத்தவர்கள். கணிதம் அதிகம் வேண்டப்பட்ட துறைகளில் இடம் பெறுவது சுலபமாகவும், பெண்கள் நாடிய துறைகளில் நெருக்கடி மிகுந்தும் இருந்ததைக் கவனித்த கட்டுரையாசிரியர்கள், பெண்களை வேறு திசைக்குத் திருப்பிவிடும் காரியம் வளர்ப்பிலும் முந்தைய கல்வியிலுமே நடந்துவிடுகிறது என்றுதான் எழுதினார்கள். கணிதம் பெண்ணுக்கு எதற்கு என்று பத்து வயதில் சொல்லப்பட்ட வார்த்தை சேர்க்கை அலுவலகத்தின் எந்தப் பதிவேட்டில் ஏறும்?

எண்கள் பெருகிவிட்டால் இந்தச் சங்கடம் தீர்ந்துவிடும் என்று எண்ணவேண்டாம். ஜனங்கள் தேடும் சொற்களைக் கொண்டே இன்ஃபுளுவென்சா பரவுவதைக் கண்டுபிடிக்க 2008-இல் கிளம்பிய கூகுள், ஐந்து கோடிச் சொற்களைச் சலித்தது. குளிர்காலத்தில் ஆடப்படும் பள்ளிக்கூடக் கூடைப்பந்தாட்டத்தைப் பற்றிய தேடல்கூட, குளிர்காலத்தில் வரும் காய்ச்சலோடு ஒட்டிக்கொண்டு வந்ததாம். 2011 ஆகஸ்டு முதல் 108 வாரங்களில் 100 வாரம் அந்தக் கணிப்பு உண்மைக்கு மேலாகவே போயிற்று. அதைப் பின்னொரு வாரம் விரிவாகப் பார்க்கலாம்.

கடிதம் எழுதிய அன்பருக்கு: ஆர் என்ற மென்பொருளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், பெர்க்லியின் ஆறு துறை அட்டவணையும் அதனுள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கணினியைத் திறப்பதற்கு முன்னால், மேலே சொன்ன இரண்டு துறைகளின் கணக்கை ஒரு தாளில் பென்சிலால் போட்டுப் பாருங்கள். சரித்திரம் படித்த தங்களுக்கு, பதிவேட்டைக் கண்டதும் இதை எழுதியவன் யார், எழுதாமல் விட்டது எது என்று கேட்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்குமே. அதை மட்டும் தயவுசெய்து ஊரிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.